கியர் போடும் கார்கள் எங்கே போயின?

(மூன்றாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் துறை)



மலர்க் குழுவினர் "உன் துறை சம்பந்தமா ஒரு கட்டுரை கொடு" என்று கேட்டபோது, வருடா வருடம் யாராவது ஒருவர் எழுதும் "வாகனப் புகையும் நாமும்" தலைப்பையே எடுத்துக்கொண்டு தப்பித்துவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் முதலாமாண்டிலிருந்து என் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி ஒன்று உண்டு. அதையே எழுதிவிடுவது என்று துணிந்துவிட்டேன்.

கேள்வி இதுதான். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் போன்ற நாடுகளின் பழைய கார் சந்தையில், கையால் கியர் போடும் நல்ல ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் ஏன் கிடைக்க மாட்டேன் என்கிறது? அப்படியே கிடைத்தாலும், அதே கம்பெனி, அதே மாடல், அதே என்ஜின், அதே வருடம்... ஆனால் கியர் லிவர் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை என்று ஏன் இருக்கிறது?

"லாரி டிரைவர் மகனுக்கு ஃபெராரி பேச்சு எதுக்கு?" என்று விடுதி நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் ஊர் சங்ககிரி. தெருவுக்கு நாலு லாரி நிற்கும் ஊர். அப்பா பதினாலு வயதில் கிளீனராக ஏறி, பிறகு டிரைவரானவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஃபெராரியை நான் தொட்டுப் பார்த்தது கிடையாது. ஆனால் கியர்பாக்ஸைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். நம் பட்டறையில் குறுக்கே வெட்டி, சிவப்பும் மஞ்சளும் பெயின்ட் அடித்து வைத்திருக்கும் அந்த மாடல் கியர்பாக்ஸைச் சுற்றிப் பார்க்காத ஆட்டோமொபைல் மாணவன் உண்டா? இந்தக் கட்டுரைக்கு அது போதும்.

கியர்பாக்ஸுக்குள் ஓர் எட்டு

மற்ற துறை நண்பர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. (நம் துறையினர் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.)

இன்றைய மேனுவல் கியர்பாக்ஸில் எல்லாப் பல்சக்கர ஜோடிகளும் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றிக்கொண்டிருக்கும். நாம் லிவரைத் தள்ளும்போது பல்சக்கரம் போய்ப் பல்சக்கரத்தில் மாட்டுவதில்லை. தண்டின் மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சக்கரத்தை, ஒரு ஸ்லீவ் நகர்ந்து வந்து தண்டோடு பூட்டிவிடுகிறது, அவ்வளவுதான். பூட்டும் நேரத்தில் இரண்டின் வேகமும் ஒன்றாக இல்லாவிட்டால் 'கரகர' என்று பல் தேயும். அதற்காகவே நடுவில் கூம்பு வடிவ வளையம் ஒன்று வைத்தார்கள். அது முதலில் உரசி வேகத்தைச் சமப்படுத்திவிட்டு, பிறகுதான் பூட்ட விடும். இதுதான் சிங்க்ரோமெஷ். 1928-ல் காடிலாக் காரில் வந்தது.

சிங்க்ரோ இல்லாத பழைய லாரிகளில் அந்த வேலையை டிரைவரின் காலும் காதும்தான் செய்ய வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, கீழ் கியருக்கு என்றால் ஆக்ஸிலேட்டரைச் சற்றே மிதித்து வேகத்தை ஏற்றி, மறுபடி கிளட்ச் மிதித்துப் போட வேண்டும். இதுதான் டபுள் கிளட்ச். அப்பா இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. "சத்தம் சொல்லும் கண்ணு, அது கேக்கும்போது போடோணும்" என்பார். பரீட்சையில் சிங்க்ரோமெஷ் படம் வரைந்து 12 மார்க் வாங்கியபோது, அப்பாவின் இடது காலைத்தான் வரைந்துவிட்டு வந்ததாக எனக்குத் தோன்றியது.

அடுத்தது நம் கதைக்கு முக்கியமானது. 1997-ல் ஃபெராரி கம்பெனி எஃப்355 காரில் 'எஃப்1' என்ற பெயரில் ஒரு கியர்பாக்ஸ் கொடுத்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்பு மாதிரி. வலதை இழுத்தால் மேல் கியர், இடதை இழுத்தால் கீழ் கியர். கிளட்ச் பெடல் கிடையாது. உள்ளே ஏதோ புது அதிசயம் என்று நினைக்காதீர்கள். அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே கிளட்ச். நம் கையும் காலும் செய்த வேலையை ஹைட்ராலிக் பம்பும் வால்வுகளும் செய்தன. அந்த அமைப்பைச் செய்து கொடுத்தது மேக்னெட்டி மரெல்லி என்ற இத்தாலிய நிறுவனம். 2014-ல் நம் நாட்டில் மாருதி செலெரியோவில் வந்த ஏ.எம்.டி. கியர்பாக்ஸுக்குப் பின்னாலும் இருந்தது இதே மேக்னெட்டி மரெல்லிதான்! ஆக, ஃபெராரியில் வந்த தத்துவம்தான் இன்று நம் ஊர் டாக்ஸியிலும் ஓடுகிறது.

பிறகு இரட்டைக் கிளட்ச் வந்தது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று. மூன்றில் ஓடும்போதே நான்கு தயாராகக் கோத்து நிற்கும். ஒரு கிளட்ச் விட, மறு கிளட்ச் பிடிக்க, கண் சிமிட்டுவதற்குள் மாறிவிடும். விற்பனைக்கு வந்த கார்களில் இதை முதலில் கொடுத்தது 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32. போர்ஷ இதைத் தன் பந்தயக் கார்களில் 1980-களிலேயே சோதித்திருந்தாலும், சாலைக் காருக்கு பி.டி.கே. என்ற பெயரில் 2008-ல்தான் கொண்டுவந்தது. இதன் வேகத்துக்கு மனிதக் கை ஈடு கொடுக்க முடியாது. இதில் வாதமே இல்லை.

ஆர்டர் கொடுத்தவர் யார்?

இப்போது கேள்விக்கு வருவோம். மேனுவல் கார் ஏன் குறைந்தது? "கம்பெனிக்காரன் நிறுத்திட்டான்" என்பது எல்லாரும் சொல்லும் பதில். பாதிதான் உண்மை.

ஃபெராரி 599 ஜி.டி.பி. ஃபியோரானோ என்று ஒரு கார். 2006-ல் வந்தது. 12 சிலிண்டர், 6 லிட்டர் என்ஜின். இதில் மேனுவலும் கிடைத்தது, எஃப்1-ம் கிடைத்தது. வாங்குபவர் எதைக் கேட்கிறாரோ அதைச் செய்து கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் விற்ற அந்தக் காரில் மேனுவல் கேட்டவர்கள் உலகம் முழுவதும் சுமார் 30 பேர்தான்! 2008-ல் வந்த கலிஃபோர்னியா மாடலில் நிலைமை இன்னும் மோசம். மேனுவல் பட்டியலில் இருந்தும், செய்து கொடுத்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். கேட்க ஆளில்லாத பொருளை எந்தக் கடைக்காரர் அலமாரியில் வைத்திருப்பார்? ஒவ்வொரு கியர்பாக்ஸ் வகைக்கும் தனியாகப் புகைச் சோதனை, எரிபொருள் சோதனை என்று செலவு செய்து, அனுமதி வாங்கியாக வேண்டும். பத்துப் பேருக்காக அந்தச் செலவு எப்படிக் கட்டும்? 2009-ல் வந்த ஃபெராரி 458-ல் மேனுவலே கிடையாது. லம்போர்கினி கல்லார்டோ 2013-ல் நின்றது; அதற்குப் பதில் 2014-ல் வந்த ஹுராகானில் இரட்டைக் கிளட்ச் மட்டும்தான். 2020-ம் ஆண்டு மாடல் கார்வெட்டுக்கும் அதே கதி.

இங்கேதான் வேடிக்கை. இன்று அந்த 599 மேனுவலைத் தேடி அலைகிறார்கள். வந்தால், எஃப்1 உள்ள அதே காரைவிடப் பல மடங்கு விலை. அன்று யாரும் கேட்காத கார் இன்று எல்லாருக்கும் வேண்டும். ஏன் இப்படி?

என் கருத்து இது. புதுக் கார் வாங்குபவரும் பழைய கார் வாங்குபவரும் வேறு வேறு மனிதர்கள். ஷோரூமில் நிற்பவர் பணக்காரர். நேரம் இல்லாதவர், நகர நெரிசலில் ஓட்டுபவர். புதிதாக வந்த தொழில்நுட்பம் தன்னிடம் இருக்க வேண்டும் என்று நினைப்பவர். துடுப்பை இழுத்தால் போதும் என்றால் அதைத்தானே கேட்பார்? அதில் தப்பில்லை. ஆனால் அதே வருடம் எங்கேயோ ஒரு பள்ளிக்கூடப் பையன் அந்தக் காரின் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, கியர் மாற்றுகிற மாதிரி காற்றில் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். பதினைந்து இருபது வருடம் கழித்து அவன் கையில் காசு சேர்ந்து வரும்போது, ஷோரூமில் மற்றவர் என்ன கேட்டாரோ அதுதான் சந்தையில் இருக்கும். செகண்ட் ஹேண்ட் வாங்குபவனுக்கு ஓட்டுரிமை கிடையாது. தேர்தல் எப்போதோ முடிந்துவிட்டது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஃபெராரி தேவைப்படவில்லை. எங்கள் வீட்டில் எல்லாமே இரண்டாம் கைதான். என் மினி டிராஃப்டர், சைக்கிள், முதலாமாண்டுப் புத்தகங்கள் அத்தனையும் வேறு ஒருவர் தனக்குப் பிடித்ததாகத் தேர்ந்தெடுத்து வாங்கியவை. சைக்கிள் பச்சை நிறம். எனக்குப் பச்சை பிடிக்காது. யாரிடம் போய்ச் சொல்ல?

போர்ஷ வாடிக்கையாளர் போட்ட சண்டை

புது வாங்குபவர் எல்லாருமே அப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. இதற்கு மிக நல்ல உதாரணம் போர்ஷ 911.

911 வரிசையில் ஜிடி3 என்பது பந்தயத்துக்கு நெருங்கிய மாடல். அதில் எப்போதும் மேனுவல்தான். 2013-ல் புதிய ஜிடி3-ஐ ஜெனீவா கண்காட்சியில் காட்டியபோது பி.டி.கே. மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். பந்தயத் தடத்தில் அதுதான் வேகம் என்பது அவர்கள் வாதம். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். "ஸ்டாப் வாட்சுக்காகவா ஓட்டுறோம்?" என்பது அவர்கள் கேள்வி.

2016-ல் போர்ஷ 911 ஆர் என்று ஒன்று விட்டது. 4 லிட்டர், 500 குதிரைத்திறன், ஆறு கியர், மேனுவல் மட்டும். மொத்தமே 991 கார்கள். (அந்தத் தலைமுறை 911-க்குக் கம்பெனியின் உள் எண் 991. அதனால் அந்த எண்ணிக்கை.) அமெரிக்காவில் பட்டியல் விலை 1,84,900 டாலர். கார் கைக்கு வருவதற்கு முன்பே அதன் இரண்டு மடங்குக்கும் மேல் விலை கேட்டார்கள். ஓட்டுவதற்காகச் செய்த கார், பல இடங்களில் மைல் ஏறாமல் துணி போர்த்தி நின்றது.

பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. 2017-ல் போர்ஷ, ஜிடி3-லேயே மேனுவலைக் கூடுதல் விலை இல்லாமல் கொடுக்க ஆரம்பித்தது. டூரிங் என்ற வகையில் மேனுவல் மட்டும்தான். உடனே 911 ஆர் விலை இறங்கியது! இத்தனைக்கும் அந்த 991-ல் ஒன்றுகூடக் கூடவில்லை. அப்படியானால் ஏறியிருந்த விலையில் ஒரு பகுதி அந்தக் காருக்கு உரியதல்ல, வேறு வழி இல்லாததற்கு உரியது என்றுதானே அர்த்தம்? பொருளாதாரப் பாடத்தில் 'தேவை - அளிப்பு' என்று கோடு போட்டுக் காட்டுவார்களே, அதை இவ்வளவு சுத்தமாக வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் பி.எம்.டபிள்யூ. எம்5-க்கும் இப்படி ஒன்று நடந்தது. 2005-ல் வந்த 10 சிலிண்டர் எம்5-ல் எஸ்.எம்.ஜி. என்ற தானியங்கிக் கிளட்ச் மட்டுமே இருந்தது. அமெரிக்கர்கள் கேட்டுக் கேட்டு, அந்தச் சந்தைக்காகப் பின்னர் ஆறு கியர் மேனுவலும் கொடுத்தார்கள். இன்று பழைய எம்5 வாங்கப் போகிறவர்கள் மேனுவலைத் தேடுவதற்கு ஆசை மட்டும் காரணம் அல்ல, பயமும் உண்டு. எஸ்.எம்.ஜி.யின் ஹைட்ராலிக் பம்ப் பழுதானால் செலவு தாங்காது. மேனுவலில் அந்தப் பம்பே இல்லை! பதினைந்து வருடம் கழித்து எது பழுதாகும் என்று ஷோரூமில் யாரும் கேட்பதில்லை. பழைய கார் வாங்குபவரின் முதல் கேள்வியே அதுதான்.

இருந்தவை என்ன ஆயின?

சரி, குறைவாகச் செய்தார்கள், ஒப்புக்கொள்வோம். ஆனால் நிறையச் செய்த கார்களுக்கும் ஏன் தட்டுப்பாடு? ஹோண்டா எஸ்2000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1999 முதல் 2009 வரை சுமார் 1,10,000 கார்கள். ஆட்டோமேட்டிக்கே கிடையாது, அத்தனையும் ஆறு கியர் மேனுவல். அப்படியும் 'மாற்றம் எதுவும் செய்யாத நல்ல வண்டி' என்று தேடினால் கிடைப்பது கடினம்.

காரணம் பல. ஸ்போர்ட்ஸ் கார் சும்மா ஓடாது, விரட்டப்படும், மோதும். விலை குறைந்த காலத்தில் இளைஞர்கள் கைக்குப் போய், சைலன்சர் மாற்றி, ஸ்பிரிங் வெட்டி, டர்போ மாட்டி என்று ஆளுக்கொரு வேலை பார்த்திருப்பார்கள். ஜப்பானின் நிசான் சில்வியாவுக்கு இன்னும் சோகம். பின்சக்கர ஓட்டம், மேனுவல் கியர், மலிவு விலை மூன்றும் இருந்ததால் டிரிஃப்ட் என்ற சறுக்கு ஓட்ட விளையாட்டுக்கு அதுவே தோதான வண்டி ஆகிவிட்டது. சுவரில் மோதி மோதியே எத்தனையோ வண்டிகள் ஒழிந்தன.

மேனுவலுக்கே உரிய ஒரு சாவு உண்டு. அதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம், பேனா எடுங்கள்.

எஸ்2000-ன் முதல் வகை என்ஜின் 9,000 ஆர்.பி.எம். வரை சுற்றும். அதன் இரண்டாம் கியர் விகிதம் 2.045, மூன்றாம் கியர் 1.481. ஓட்டுநர் மூன்றாம் கியரில் 8,000-ல் போகிறார். நாலாம் கியர் போடுவதாக நினைத்து, அவசரத்தில் இரண்டில் போட்டுவிடுகிறார் (இரண்டும் நாலும் கீழ்ப்பக்கம்தான், பக்கத்துப் பக்கத்தில்!). கிளட்சை விட்டதும் காரின் வேகம் அப்படியே இருக்க, என்ஜின் சுற்ற வேண்டிய வேகம்:

8,000 × 2.045 ÷ 1.481 = சுமார் 11,000 ஆர்.பி.எம்.

"லிமிட்டர் இருக்குமே?" என்று கேட்பீர்கள். லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும். இங்கே என்ஜினைச் சுற்றுவது பெட்ரோல் அல்ல, சக்கரங்கள்! வால்வு ஸ்பிரிங் அந்த வேகத்துக்கு மூட முடியாமல் திணறும். பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வை இடிக்கும். ஒரே நொடியில் என்ஜின் காலி. ஆங்கில நாட்டு ஓட்டுநர்கள் இதற்கு 'மனி ஷிஃப்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காசு போகிற கியர்! கம்ப்யூட்டர் மாற்றும் கியர்பாக்ஸில் இது நடக்காது. இப்படிப்பட்ட கட்டளை வந்தால் கம்ப்யூட்டர் மறுத்துவிடும்.

அதனால்தான் பழைய போர்ஷ வாங்குபவர்கள் என்ஜின் கம்ப்யூட்டரில் ஒரு பதிவைப் படித்துப் பார்க்கிறார்கள். எல்லை மீறிய வேகத்தில் என்ஜின் எத்தனை தடவை சுற்றியது, எத்தனை மணி நேர ஓட்டத்தில் அது நடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். வெளியே பெயின்ட் பளபளத்தாலும் அந்தப் பதிவு பொய் சொல்லாது. இதை அப்பாவிடம் சொன்னபோது ரொம்பவே ஆச்சரியப்பட்டார். பழைய லாரி வாங்கும்போது அவர் செய்வது இதே வேலைதான், கம்ப்யூட்டர் இல்லாமல். வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பு "இத ஓட்டுனது யாருங்க?" என்று கேட்பார். டிரைவர் பெயர் தெரிந்தால் பாதி வண்டி தெரிந்துவிடும் என்பார். பிறகு ஓட்டிப் பார்த்து, மூன்றிலிருந்து இரண்டுக்குப் போடும்போது கரகரக்கிறதா, ஏற்றத்தில் கியர் தானாகக் கழன்று வருகிறதா என்று பார்ப்பார். முதலாவது சிங்க்ரோ வளையத் தேய்மானம், இரண்டாவது ஸ்லீவ் பல் தேய்மானம் என்று நான் புத்தகத்திலிருந்து விளக்கம் சொன்னேன். "பேரு உங்குளுது, காது எங்குளுது" என்று சிரித்தார்.

மைல் குறைந்த, விபத்து இல்லாத, மாற்றம் இல்லாத வண்டி மிஞ்சியது என்றால், அதை வைத்திருப்பவர் விற்க மாட்டார். விற்றால் அதே போல இன்னொன்று வாங்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். விலை ஏற ஏற வண்டிகள் சந்தைக்கு வர வேண்டும் என்பது பாட விதி. இங்கே விலை ஏற ஏற ஷெட்டுக் கதவு இறுக்கிச் சாத்தப்படுகிறது! இன்னும் ஏறும் என்ற நம்பிக்கைதான் பூட்டு.

சினிமாவும் சட்டமும்

இன்னும் இரண்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2001-ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்' படத்தில் டொயோட்டா சுப்ரா ஒன்று வரும், ஆரஞ்சு நிறம். அந்தப் படக் கார் 2021-ல் அமெரிக்க ஏலத்தில் 5,50,000 டாலருக்குப் போனது. அது சினிமாவில் நடித்த கார், அதை வைத்து மற்ற சுப்ராக்களின் விலையைக் கணக்கிடக் கூடாது. ஆனால் அந்தப் படம் பார்த்த பையன்கள் எல்லாரும் இருபது வருடத்தில் சம்பாதிப்பவர்கள் ஆகிவிட்டார்கள் என்பதைக் கணக்கிடத்தான் வேண்டும். டொயோட்டா 2019-ல் புதிய சுப்ராவை ஆட்டோமேட்டிக் மட்டும் என்று கொண்டுவந்தது. மேனுவல் கேட்டு எழுந்த குரலுக்குப் பிறகு 2022-ல் ஆறு கியர் மேனுவலை அறிவித்தது.

இன்னொன்று, அமெரிக்காவின் 25 வருடச் சட்டம். அங்கே விற்பனைக்கு வராத வெளிநாட்டுக் காரைத் தனியார் கொண்டுவர வேண்டுமானால் அதற்கு 25 வயது நிரம்பியிருந்தால் பிரச்சினை இல்லை. 1989-ல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32-க்கு 2014-ல் 25 நிரம்பியது. 1999-ல் வந்த ஆர்34-க்கு 2024-ல். இந்த ஆர்34 ஜிடி-ஆர் மொத்தமே சுமார் 11,500 கார்கள்தான், அத்தனையும் மேனுவல். (அதற்கு அடுத்து 2007-ல் வந்த ஆர்35-ல் இரட்டைக் கிளட்ச் மட்டும்.) ஒவ்வொரு மாடலும் 25-ஐத் தொடும்போது டாலர் வந்து ஜப்பான் ஏலக் கூடத்தில் கை தூக்குகிறது. தன் ஊரில் செய்த காரை வாங்க முடியாமல் ஜப்பான் இளைஞன் ஓரமாக நிற்கிறான். கார்கள் எண்ணிக்கை மாறவில்லை, வாங்குபவர் கூட்டம்தான் கடல் தாண்டிப் பெருகிவிட்டது.

"ஜப்பான் கார் நம்மைப் போலவே வலது பக்கம் ஸ்டியரிங் ஆயிற்றே, இங்கே கொண்டுவரலாமே?" என்று ஒரு நண்பன் கேட்டான். நம் நாட்டு விதிப்படி, செய்து மூன்று வருடத்துக்கு மேல் ஆன பழைய காரைச் சாதாரணமாக இறக்குமதி செய்ய முடியாது. போதாக்குறைக்கு வரி. நண்பன் கனவு அங்கேயே முடிந்தது.

மாற்றிக் கட்ட முடியாதா?

இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் நாம் பட்டறை மாணவர்களே அல்ல. மேனுவல் இல்லையென்றால் என்ன, ஆட்டோமேட்டிக்கை மேனுவல் ஆக்கிவிட்டால்?

முடியும். செய்துகொண்டும் இருக்கிறார்கள். முன்பு சொன்னது நினைவிருக்கட்டும்: எஃப்1 கியர்பாக்ஸுக்குள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். ஆகவே 599, எஃப்430 போன்ற ஃபெராரிகளில் ஹைட்ராலிக் பம்ப், ஆக்சுவேட்டர், அதன் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கிளட்ச் பெடல், மாஸ்டர் சிலிண்டர், லிவர், அந்தப் பளபளக்கும் இரும்புத் தட்டு (கியர் லிவர் பள்ளம் பள்ளமாக நகரும் ஃபெராரித் தட்டு, படத்தில் பார்த்திருப்பீர்கள்) எல்லாம் பொருத்தி, என்ஜின் கம்ப்யூட்டருக்கு "இனி இது மேனுவல் வண்டி" என்று புரியவைத்தால் வேலை முடிந்தது. கேட்க எளிது. கியர் மாற்றும் ஃபோர்க்குகளின் நகர்வு அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கியர் சரியாக உட்காராது. கை தேர்ந்த ஃபிட்டரின் வேலை அது. வெளிநாட்டில் இதையே தொழிலாகச் செய்யும் பட்டறைகள் உண்டு, வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் ஃபிட்டிங் வகுப்பில் ஃபைல் பிடிக்கச் சலித்துக்கொள்கிறோம் என்பதை இங்கே நான் சொல்லப் போவதில்லை!

மாற்றிக் கட்டிய கார் ஓட்டுவதற்கு அசல் மாதிரியே இருக்கும். ஆனால் விலையில் அசலாகாது. எந்த நம்பர் கார் எந்த கியர்பாக்ஸோடு வெளியே வந்தது என்பது கம்பெனிப் பதிவேட்டில் இருக்கிறது. மாற்றிய வண்டியை மாற்றியது என்று சொல்லித்தான் விற்க வேண்டும். வாங்குபவர் ஓட்டுவதற்காக வாங்குகிறார் என்றால் அவருக்கு அதுபற்றிக் கவலை இல்லை. பூட்டி வைப்பதற்காக வாங்குகிறவருக்குத்தான் அந்தப் பதிவேடு முக்கியம். எனக்குக் கொடுத்தால் மாற்றியதைத்தான் எடுப்பேன். (யாரும் கொடுக்கப் போவதில்லை, அது வேறு விஷயம்.)

இரட்டைக் கிளட்ச் கார்களில் இந்த வித்தை எளிதாகச் செல்லாது. அதற்குள்ளே ஒளிந்திருக்கும் மேனுவல் பெட்டி எதுவும் இல்லை. இரண்டு உள்ளீட்டுத் தண்டுகள், ஒன்றுக்குள் ஒன்று, அமைப்பே வேறு. வேறு ஒரு காரின் கியர்பாக்ஸைத் தேடி எடுத்து, என்ஜினோடு சேர்க்கும் ஹவுசிங் முதல் ஆக்ஸில் வரை புதிதாகக் கடைந்து, பொருத்தி... அப்படியும் சிலர் செய்கிறார்கள். ஆனால் அது கார் விலைக்கு நிகரான செலவு. அதற்கு வேண்டிய அந்த மேனுவல் கியர்பாக்ஸும் எங்கோ அடிபட்டு நிற்கும் ஒரு மேனுவல் காரிலிருந்துதான் வர வேண்டும்.